கம்பளிக்குள் தெரிந்த பச்சை

எங்கள் தோட்டத்துத் தொரை ஒருநாள் என் அம்மாவின் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அடுப்படிச் சுவருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். இதைச் சொன்னால் எங்கள் தோட்டத்து ஆட்களே, "போடி, புளுகுறதுக்கும் ஒரு அளவு இருக்கு" என்பார்கள். மழைக்குப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கிற கம்பளி அது. கொழுந்துச் சாறும் வேர்வையும் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசுகிற சவர்க்காரமும் சேர்ந்து நாறும். அதற்குள் தோட்டத்தையே நடத்துகிற, அரைக் காற்சட்டை போட்ட ஒரு தொரை. அவருக்குப் பக்கத்தில், அதே கம்பளிக்குள், லைட்டைப் பிடித்துக்கொண்டு நான். சத்தியமாக நடந்தது.

ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்கிறது, வேறொன்றுமில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டின பத்துக் காம்பரா வீடுகள் கொண்ட லயம், அதில் கடைசிக் காம்பரா நாங்கள். அப்பா நான் ஓ.எல். எழுதின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தாள். விஞ்ஞானம் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. எம்பிலிப்பிட்டியப் பக்கம் ஒரு பொலித்தீன் ஃபெக்டரியில் லேப் வேலை கிடைத்தது. இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிற இடத்துக்கு மழை படாமல் பாவாடை மாதிரிக் கட்டுவார்களே, அந்தப் பொலித்தீன் அங்கேதான் செய்தார்கள். அதில் துண்டு வெட்டி மெஷினில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று எழுதிவைப்பது என் வேலை. "படிச்ச புள்ள என்னா செய்யுது? பொலித்தீன இழுத்து இழுத்துக் கிழிக்குது" என்று லயத்தில் கேலி.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிற கான். கானைத் தாண்டினால் செங்குத்தாய் வெட்டின மண்மேடு. அதற்கு மேலே தேயிலை மலை. எங்கள் அடுப்படிச் சுவரில் மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு ஓடியது. நான் பிறப்பதற்கு முன்பே இருந்தது என்பாள் அம்மா. அது வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியவிடாமல் செய்தது நாங்கள்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் லயம் முழுக்க ஒரே வேலை நடக்கும்: வெடிப்பு, பொத்தல் எல்லாவற்றிலும் களிமண்ணும் சாணியும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்துவிடுவோம். யார் வீட்டுச் சுவர் அதிக வெள்ளை என்று பொம்பளைகளுக்குள் போட்டி வேறு. வெடித்த சுவரோடு தீபாவளி கொண்டாடினால் மூதேவி உள்ளே வந்துவிடும் என்று பயம். மூதேவி வரவில்லை, ஆனால் வெடிப்பு போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்கிற கணக்கும் சுண்ணாம்போடு போயிற்று.

சுனாமிக்குப் பிறகு வந்த இரண்டாவது வருஷம், நடு வருஷத்து மழையில், அப்பின களிமண் தானாகப் பிளந்து என் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு வாய் திறந்திருந்தது. "அம்மா, இந்த வீட்ட விட்டு வா. நான் எம்பிலிப்பிட்டியில ஒரு ரூம் பாக்குறேன்" என்றேன்.

"வேலைக்குப் போகாட்டி காம்பராவ புடுங்கிடுவாங்க. அப்பறம் நான் எங்கடி போறது? ஒரு வெடிப்புக்குப் பயந்து ஊரச் சுத்தவா?" என்றாள்.

அப்போது எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மண்மேடு விழுவதற்கு முன்னால் அம்மா வெளியே வரவேண்டும். அவள் தனியாக வரமாட்டாள். லயமே வந்தால்தான் வருவாள். லயம் வரவேண்டுமானால் தொரை சொல்லவேண்டும். தொரையிடம் போனேன். அதற்குள் அம்மா வெடிப்பில் களிமண்ணை அப்பிவிட்டாள். தொரை வந்து பார்த்தார். "எங்க வெடிப்பு? நல்லாத்தானே பூசி வச்சிருக்கு" என்றார். வெடிப்பு பெரிதாகிறது என்பதற்கு ஆதாரம் இருந்தால் கொண்டுவா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை மிதித்தார். அந்தக் கோபத்தில் நான் இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

இனி அந்தத் தூளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் லேபுக்குக் கொழும்பிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு மேடம் வருவார். இரசாயனம் படித்தவர். சிங்களத்தில்தான் பேசுவார், என்னைத் தங்கச்சி என்கிற அர்த்தத்தில் 'நங்கி' என்று கூப்பிடுவார். ஒருமுறை ஒரு சின்னக் குப்பியில் ஏதோ சாயத் தூள் கொண்டுவந்தார். வெளிநாட்டில் அவரோடு படித்த யாரோ கொடுத்ததாம். குங்குமச் சிமிழ்கூட நிரம்பாது. அதில் ஒரு சிட்டிகையைப் பொலித்தீன் மணிகளோடு உருக்கி மெல்லிய தாளாக எடுத்தோம். பார்த்தால் சாதாரணப் பொலித்தீன்தான், லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் அதில் ஒரு துண்டை உள்ளே கறுப்படித்த பெட்டிக்குள் வைத்து, புற ஊதா லைட்டைப் போட்டு, என்னைப் பார்க்கச் சொன்னார். துண்டு முழுக்க செவ்விளநீர் நிறத்தில் எரிந்தது. சூடு இல்லை, புகை இல்லை, சும்மா எரிந்தது. "இப்ப இழு நங்கி" என்றார். பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு இழுத்தேன். இழுபட்ட இடம் மட்டும், என் கண்ணுக்கு முன்னால், கொழுந்துப் பச்சையாக மாறியது. கையை விட்டேன். பச்சை போகவில்லை.

"அம்மாடியோவ்!" என்று கத்திவிட்டேன். வெளியே மெஷின் ஓட்டுகிறவர்கள் ஓடி வந்தார்கள், எனக்கு ஷொக் அடித்துவிட்டது என்று நினைத்து.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிருந்தது. மூன்று வருஷமாகப் பொலித்தீனை இழுக்கிறேன். ஒருநாளும் அது எனக்கு எதையும் சொன்னதில்லை, கிழியும், அவ்வளவுதான். இது தனக்கு என்ன நடந்தது என்று காட்டுகிறது, எந்த இடத்தில் நடந்தது என்றும் காட்டுகிறது. மேடம் விளக்கினார். சாயத்தின் துகள்கள் பொலித்தீனுக்குள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்குமாம். கும்பலாக இருக்கும்போது ஒரு நிறம். இழுத்தால் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துபோகும். தனித்தனியாக நின்றால் வேறு நிறம். எனக்கு உடனே புரிந்தது. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கும்பலாக நிற்கிற பொம்பளைகளைக் கங்காணி நிரை நிரையாகப் பிரித்து மலைக்கு அனுப்புகிற மாதிரிதான். அன்றைக்கு மட்டும் நூறு துண்டாவது இழுத்துப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பச்சை வருகிறபோது கோயிலில் திரை விலகுகிற நேரத்து மனசு வந்தது. மேடம் சிரித்தார்.

வெட்டிப்போட்ட ஓரத் துண்டுகளைக் கேட்டு வாங்கினேன். சுவர் வெடிப்பைச் சொன்னதும் மேடம் யோசித்தார். "இது பார்சல் சுத்துகிற பொலித்தீனுக்குச் செய்தது, வீட்டுக்குச் செய்தது இல்லை. இதை மட்டும் நம்பாதே" என்று முதலில் சொன்னார். பிறகு வழியும் சொல்லிக்கொடுத்தார். வெடிப்பின் இரண்டு பக்கமும் தகரப் பட்டி வைத்துத் துண்டை ஆணியால் இறுக்கவேண்டும். நடுவில் ஒரு நெல் அகலம்தான் விடவேண்டும்; அப்போதுதான் வெடிப்பு ஒரு மயிரிழை திறந்தாலும் துண்டு தாங்காமல் இழுபடும். வெயில் படக்கூடாது, சாயம் வெளுத்துவிடும்.

லைட்டுக்கு என்ன செய்வது? லேப் லைட்டை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். கொடகவெலவில் மாணிக்கக் கல் வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் நானா இருந்தார்; எங்கள் ஃபெக்டரியில் பை வாங்க வருவார், பழக்கம். மாணிக்கக் கல்லைப் பரிசோதிக்க அவரிடம் கையடக்கமான புற ஊதா லைட் ஒன்று இருந்தது. கேட்டேன். "இது கல்லு பொய்யா மெய்யான்னு பாக்குற லைட்டு தங்கச்சி. சொவர் பொய் செல்லுமா?" என்று சிரித்துவிட்டு, பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

வழியில் சோதனைச் சாவடி. யுத்தம் நடந்த அந்த நாளில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தால் பையைக் கவிழ்க்காமல் விடமாட்டார்கள். லைட்டையும் பொலித்தீன் துண்டுகளையும் கண்டதும் ஆமிக்காரனுக்கு முகம் மாறியது. "மொகத மே?" இது என்ன என்று கேட்டான். பதில் சொல்வதற்குப் பதிலாகக் காவல் கொட்டிலின் இருட்டு மூலையில் லைட்டைப் போட்டு, ஒரு துண்டை இழுத்துக் காட்டினேன். செவ்விளநீர் பச்சையாயிற்று. "ஷா!" என்றான். ஒரு துண்டை வாங்கி அவனும் இழுத்தான். இன்னொருவனைக் கூப்பிட்டு அவனையும் இழுக்கவைத்தான். பஸ் முழுக்க எனக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

வீட்டில் இரண்டு துண்டு அடித்தேன். ஒன்று அடுப்படிச் சுவரில், உள்பக்கம். இன்னொன்று அதே வெடிப்பு வெளியே வருகிற பக்கச் சுவரில், விறகு அடுக்கியிருக்கிற மறைவில், மேலே ஒரு சாக்கைத் தொங்கவிட்டு. அம்மா அப்போது மலையில் இருந்தாள். உள்ளே இருந்ததைத்தான் அவளுக்குக் காட்டினேன். வெளியே இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேனா, சொன்னால் எடுத்துவிடுவாள் என்று விட்டுவிட்டேனா, இப்போது நினைவில்லை.

பகலில் பார்க்க இருட்டு வேண்டுமே, அதற்குத்தான் கம்பளி. தலையோடு போர்த்துக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்து லைட்டைப் போட்டால் போதும். லீவில் வருகிறபோதெல்லாம் உள்ளே இருந்ததைப் பார்த்தேன்; வெளியே இருந்ததற்கு விறகைத் தள்ளவேண்டும், அதைத் தொடவில்லை. செவ்விளநீர், செவ்விளநீர், செவ்விளநீர். லயத்துப் பொம்பளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கம்பளிக்குள் வந்து போனார்கள். மூன்றாம் காம்பரா அக்கா வெளியே வந்து, "ஆத்தாடி, சாமி வெளக்கு மாதிரியில்ல இருக்கு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவை நான் வந்தபோது தகரப் பட்டியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் அம்மா. தலையில் அடித்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முதல்நாள் பகல் வந்து சேர்ந்தேன். ஒரு வாரமாக விடாத மழை. லயம் பளீரென்று வெள்ளையாக நின்றது. பலகாரச் சட்டியைக்கூட எட்டிப் பார்க்காமல் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு லைட்டைப் போட்டேன். துண்டின் நடுவில் மேலிருந்து கீழே பச்சை. ஒரு பொட்டுச் செவ்விளநீர்கூட நடுவில் இல்லை.

அந்த மழையில் பங்களாவுக்கு ஓடினேன். சேறும் சகதியுமாகப் போய் நின்ற கோலத்தைப் பார்த்தே தொரை எழுந்து வந்துவிட்டார். அப்படித்தான் அவர் கம்பளிக்குள் வந்தார். சுவரில் அடிக்காத ஒரு புதுத் துண்டை முதலில் காட்டினேன், பிறகு சுவரில் இருந்ததைக் காட்டினேன். "இது யாரு செஞ்ச வேல?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார். வெளியே வந்து தலைமயிரைக்கூடச் சரிசெய்யாமல், "எல்லாம் ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே. சட்டி பானை அப்பறம்" என்றார்.

பத்துக் குடும்பமும் எதிர் மலையில் இருக்கிற தோட்டப் பள்ளிக்கூடத்தில் தீபாவளி கொண்டாடியது. கொண்டாடியது எங்கே, என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அம்மா வெளியே வந்துவிட்டாள். அது போதும் என்று நான் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டேன். அடுத்த நாள் மழை விட்டது. அதற்கடுத்த நாள் வெயில். மூன்றாம் நாளும் நல்ல வெயில். எதிரே லயம் புதுச் சுண்ணாம்போடு வெயிலில் காய்ந்துகொண்டு, ஒன்றும் ஆகாமல், எங்களைப் பார்த்துச் சிரித்தது.

மூன்றாம் நாள் காலை அம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். "பாத்தியாம்மா, எவ்வளவு இழுபட்டிருக்குன்னு?"

அம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகினாள். "அது வந்துடி... சுண்ணாம்பு பட்டா ஒன்னோட ஜவ்வு பழுதாயிடுமேன்னு ஒரு பக்கத்து ஆணியப் புடுங்கிட்டு வெள்ளையடிச்சேன். திருப்பி வைக்கையில தொளதொளன்னு இருந்திச்சு. அதான் நல்லா இழுத்துப் புடிச்சு ஆணிய அடிச்சேன்."

லேபில் ஒரு துண்டில் விரல் பட்டாலும் எழுதிவைக்கிறவள் நான். பக்கத்தில் ஈரம் காயாத சுண்ணாம்பைப் பார்த்தும், ஆணியை யார் தொட்டது என்று கேட்கத் தோன்றவில்லையே! "ஐயோ அம்மா, என் தலையில மண்ணப் போட்டுட்டியே!" என்று நான் போட்ட கூச்சல் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. முதலில் சிரிப்பு. பிறகு வசவு. பிறகு மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். "ஆத்தா இழுத்தா, மக ஊரையே இழுத்தா" என்று மூன்றாம் காம்பரா அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அவமானம் தாங்காமல் எல்லாவற்றையும் பிடுங்கி எறியப் போனேன். அடுப்படித் துண்டைக் கழற்றி, பேப்பரில் மடித்து என் பையில் செருகினேன். வெளியே வந்து விறகைத் தள்ளினேன். சாக்கு நான் தொங்கவிட்டபடியே இருந்தது. என் ஆணி, நான் வளைத்த தகரம், மேலே தூசி. பிடுங்கப் போன கை நின்றது. கம்பளியைப் போர்த்து லைட்டைப் போட்டேன்.

பச்சை. முழுக்க இல்லை. நடுவில், ஊசியால் கோடு போட்ட மாதிரி, ஒரே ஒரு பச்சைக் கோடு. மனிதக் கை இழுத்தது அல்ல அது. அந்த மலை இழுத்தது. தேயிலையும் மரமும் பாறையும் சுமந்துகொண்டு அவ்வளவு பெரிய மலை, மூச்சுக் காட்டாமல், ஒரு நெல் அகலத்துக்குள் வந்து கையெழுத்துப் போட்டிருந்தது. நான் அதன் காலடியில் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தேன். பயமா பக்தியா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே கும்பிட்டேன்.

ஓடிப்போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? "அதையும் ஒங்க அம்மாதான் இழுத்துச்சா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இரண்டு குடும்பம் வாசலைத் தாண்டிவிட்டது. நான் கும்பல், பிரிவு, நிறம் என்று மேடம் சொன்னதையெல்லாம் கொட்டினேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "வெறகுக்குப் பின்னால ஒன்னு இருக்கா? நெசமா?" ஆமாம் என்றேன். சாமி படத்தை வைத்திருந்த மேசையிலிருந்து சூடம் எடுத்து வாசற்படியில் வைத்துக் கொளுத்தினாள். எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"உள்ளுக்கு இருந்தத நான்தான் இழுத்தேன். தப்புத்தான். வெளிய ஒன்னு இருக்குன்னே எனக்குத் தெரியாது. அதுல என் கை பட்டிருந்தா, கடைசி நேரத்துல எனக்குப் பால் ஊத்த என் மக இல்லாமப் போகட்டும்."

சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

வாசலைத் தாண்டின இரண்டு குடும்பமும் திரும்பி வந்து மூட்டையை இறக்கிவைத்தது. அம்மாவின் கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டது மூன்றாம் காம்பரா அக்காதான்.

மறுநாள் பகலுக்கு மேல் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. நாலு மணி இருக்கும். பள்ளிக்கூட வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். சத்தம் முதலில் வரவில்லை. எதிர் மலையில் தேயிலைச் செடிகள், நிரை குலையாமல், கீழே நடந்து வந்தன. அப்படித்தான் தெரிந்தது. பிறகுதான் அந்த உறுமல் காலுக்கடியில் வந்தது. எங்கள் காம்பரா முதலில் போயிற்று, பிறகு ஒன்பதாவது, எட்டாவது. மண் நின்றபோது முதல் இரண்டு காம்பராவின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. கோழிகள் போயின, கல்யாணப் பானைகள் போயின, தீபாவளிக்கு எடுத்த சேலைகள் போயின. ஆட்களை எண்ணினோம். ஒருவர் குறையவில்லை. திரும்பத் திரும்ப எண்ணினோம். தொரை மழையில் நனைந்துகொண்டு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி நின்றார். அம்மா வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடத்திடம் சொன்னபோது விறகுக்குப் பின்னால் இருந்த துண்டைத்தான் கேட்டார். எங்கே போவது? அது மண்ணுக்கடியில். மலை இழுத்தது போயிற்று. பையில் செருகியிருந்ததால் தப்பியது அம்மா இழுத்தது ஒன்றுதான். "அது உனக்கே இருக்கட்டும் நங்கி, அதில் விஞ்ஞானம் இல்லை" என்றார். பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்தேன்.

யுத்தம் முடிந்த வருஷம் அம்மா போனாள். பால் நான்தான் ஊற்றினேன். எட்டுச் சடங்கு முடிந்து எல்லாரும் போன பிறகு, அவள் கம்பளியை மடிக்கப் போனவளுக்கு டின் நினைவு வந்தது. நானாவின் லைட்டை நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை, அவரும் கேட்கவில்லை. பட்டப் பகலில் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு, துண்டை முழங்காலில் விரித்து, லைட்டைப் போட்டேன்.

நடுவில் அதே பச்சை, அன்றைக்குப் பார்த்தபடியே. அன்றைக்கு நான் பார்க்காமல் விட்ட ஒன்றும் இருந்தது. ஓரத்தில், பிடித்து இழுக்க அவள் பலம் கொடுத்த இடத்தில், பெருவிரல் அளவுக்கு ஒரு பச்சை வட்டம். என் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அவளுடையது பெரியது.